வயலுக்கு நடுவே புல்லட் ரயில்: கேளுங்கள், சொல்லுகிறேன்

(இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதி ரயிலைப் பற்றியவை. வடக்குப் பாதையில் ரிக்கெட் கிழித்துப் பிழைத்தவன் என்று எப்போதோ இந்தப் பக்கத்தில் எழுதியிருந்தேன். அதன் பலன்.)

கேள்வி: ஐயா, ஜப்பானில் வேலை செய்கிற என் தம்பி ஒரு படம் அனுப்பினான். சுற்றிவரக் காடும் வயலும், நடுவில் பெரிய புல்லட் ரயில் நிலையம். ஓர் ஆளைக் காணோம். 'ஒகுட்சுகரு இமபெட்சு' என்று பெயராம். அந்த வெளிக்கு எதற்கு இவ்வளவு பெரிய நிலையம்?
– வாசகி, கொடிகாமம்

பதில்: உங்கள் தம்பி அகால நேரத்தில் போய்ப் படம் எடுக்கவில்லை, பிள்ளை. அங்கே சனம் எப்போதும் குறைவுதான். ஹொன்ஷு தீவின் வட நுனியில், அவோமோரி மாகாணத்தில் உள்ள சிற்றூர் இமபெட்சு. 2016 மார்ச் 26 இல் புல்லட் ரயில் வந்தபோது ஊரின் சனத்தொகை மூவாயிரத்தைத் தொடவில்லை. புல்லட் ரயில் நிற்கும் ஊர்களில் இதைவிடச் சிறியது ஜப்பானில் வேறு இல்லை.

ஆனால் ஊரைப் பார்த்து யாரும் அந்த நிலையத்தைக் கட்டவில்லை. பக்கத்தில் இருக்கும் சுரங்கத்தைப் பார்த்துத்தான் கட்டினார்கள். 1954 இல் ஒரு சூறாவளியில் டோயா மாரு என்ற ரயில் படகு கவிழ்ந்து 1,100 பேருக்கு மேல் இறந்து போனார்கள். அதற்குப் பிறகுதான் ஹொக்கைடோ தீவுக்குக் கடலுக்கு அடியால் போக வேண்டும் என்ற பேச்சு வலுத்தது. அப்படி வந்த செய்கான் சுரங்கம் 53.85 கிலோமீட்டர். அதில் 23 கிலோமீட்டருக்கு மேல் கடலுக்கு அடியில். 1988 மார்ச் 13 இல் அது திறந்த அன்றே இந்த இடத்தில் 'சுகரு இமபெட்சு' என்ற பெயரில் ஒரு குட்டி நிலையமும் திறந்தது. மேட்டில் போகும் பாதையோரம் மேடைகள், கீழே இறங்க ஒரு படிக்கட்டு, அவ்வளவுதான். ஓடிய ரயில்களில் மிகச் சில மட்டும் நின்றன. மற்றவை எங்கள் கடுகதி புங்கன்குளத்தைத் தாண்டுவது போலத் தாண்டிப் போயின.

ஒரு வேடிக்கையும் உண்டு. நிலையம் இருப்பது ஹொன்ஷு மண்ணில். நடத்துவதோ கடலுக்கு அந்தப் பக்கத்து ஹொக்கைடோ ரயில் கம்பனி. ஹொன்ஷுவில் அவர்களுக்கு இருக்கிற ஒரே நிலையம் இதுதான்.

சரி, அந்தக் குட்டி ஏன் இவ்வளவு பெரிதானது? உங்கள் தம்பி மறுபடி போனால் கட்டிடத்தை விட்டுவிட்டுத் தண்டவாளத்தைப் படம் எடுக்கச் சொல்லுங்கள். ஒரே சிலிப்பர் கட்டையில் இரண்டு அல்ல, மூன்று தண்டவாளம் ஓடும். ஜப்பானின் பழைய பாதைகளின் அகலம் 1,067 மில்லிமீட்டர், புல்லட் ரயிலுக்கு 1,435. சுரங்கம் ஒன்றுதான் இருக்கிறது, சரக்கு ரயிலும் அதற்குள்ளால்தான் போயாக வேண்டும். ஹொக்கைடோவின் வெங்காயமும் உருளைக்கிழங்கும் தெற்கே வருகிற வழி அது. (உரும்பிராய்க்காரருக்கு இந்த இடத்தில் விளக்கம் தேவையில்லை.) அதனால் ஒரு பக்கத் தண்டவாளத்தை இரண்டு ரயிலும் பங்கு போட, மற்றப் பக்கத்தில் ஆளுக்கொன்று. இரண்டுக்கும் இடையில் 368 மில்லிமீட்டர். நேர் பாதையில் இது பெரிய விஷயம் இல்லை. பாதை பிரியும் இடத்தில்தான் தலையிடி. மூன்று தண்டவாளமும் பிரிந்து சேருகிற பொயின்ற்ஸில் பனிக்கட்டி ஒரு துண்டு விழுந்து சிக்கினாலும் பொயின்ற்ஸ் திரும்பாது. அதற்காகவே காற்றைப் பீய்ச்சி அடித்துப் பனியை விரட்டும் ஏற்பாடெல்லாம் செய்திருக்கிறார்கள். சரக்கு ரயில் ஒதுங்கி நின்று புல்லட்டுக்கு வழி விடவும் இந்த நிலையத்தில் பாதை உண்டு. ஆக, அங்கே ஏறி இறங்குகிற சனத்தை எண்ணினால் நிலையத்தின் அளவு விளங்காது. தண்டவாளத்துக்கு இருக்கிற வேலையைப் பார்த்தால் விளங்கும்.

இன்னொரு சங்கதி. தெற்கே மணிக்கு 320 கிலோமீட்டர் வேகத்தில் வருகிற ஹயபுசா என்ற அதே புல்லட் ரயில், இந்தப் பங்குப் பாதையில் முதலில் 140க்கு மேல் போகவில்லை. 2019 இல்தான் சுரங்கத்துக்குள் 160 ஆக்கினார்கள். எதிரே வரும் சரக்கு ரயிலின் கொள்கலன்களைக் காற்று மோதிப் புரட்டிவிடும் என்ற பயம். சரக்கு ரயில் குறைகிற புதுவருடம் போன்ற காலங்களில் முதலில் 210 வரையும், 2024 முதல் 260 வரையும் விட்டிருக்கிறார்கள். இத்தனை கோடி கொட்டிய பாதையிலும் வேகத்தைத் தீர்மானிப்பது வெங்காயம்தான்!

எனக்கு மனம் ஆறாத இடம் வேறு. புதுக் கட்டிடத்தின் காலடியில் 'சுகரு ஃபுடமாடா' என்று இன்னொரு நிலையம் இருக்கிறது. 1958 இல் வந்தது. ஒற்றை மேடை, கிளைப் பாதை. ஊர்ச் சனம் பக்கத்து ஊருக்குப் போய் வந்த ரயில் அதுதான். 2022 ஓகஸ்ட் மழையில் அந்தப் பாதை அரித்துப் போனது. திருத்த ஆகும் செலவையும் ஏறுகிற ஆட்களையும் பார்த்துவிட்டு, 2024 இல் ரயில் வேண்டாம், பஸ்ஸும் டாக்சியும் போதும் என்று முடிவு செய்துவிட்டார்கள். டோக்கியோவுக்குப் போக ரயில் இருக்கிறது, பக்கத்து ஊருக்குப் போக இல்லை. நிலையம் பெரிதானால் ஊர் பிழைக்கும் என்று எங்கள் பக்கத்தில் பேசுகிறவர்கள் இதையும் தெரிந்துகொள்ள வேண்டும். பஸ்ஸோ ஒற்றைப் பெட்டி ரயிலோ, நிலையத்துக்குக் கொண்டுவந்து விட ஒன்று வேண்டும். அது இல்லாமல் மேல் மாடிக்கு லிப்ட் போட்டு என்ன செய்ய?

கேள்வி: புல்லட் ரயில் வந்தால் பழைய ரயிலை நிறுத்திவிடுவார்களா?
– உயர்தர மாணவன், சுன்னாகம்

பதில்: நிறுத்த வேண்டும் என்று இல்லை, தம்பி. ஆனால் கைமாறும். புது புல்லட் பாதை திறந்ததும், அதே வழியில் ஓடுகிற பழைய பாதையை ரயில் கம்பனி கைவிடலாம் என்று 1990 இல் ஓர் ஏற்பாடு செய்தார்கள். பிறகு அதை மாகாணமும் ஊர்களும் சேர்ந்து சுமக்க வேண்டும். சுரங்கத்தின் அந்தப் பக்கம் கிகொனாய் என்ற ஊரைப் பாருங்கள். அங்கிருந்து எசாஷிக்குப் போன கிளைப் பாதையை 2014 இல் மூடிவிட்டார்கள். ஹகொடாடே பக்கம் போகும் பாதை 2016 இல் உள்ளூர்க் கம்பனியின் தலையில் விழுந்தது. புதுப் பாதை கட்டும் செலவிலும், ரயில் கம்பனி தரும் குத்தகைப் பணம் போக மிச்சத்தில் மூன்றில் ஒரு பங்கு உள்ளூரின் பொறுப்பு. கலியாணச் செலவும் பெண் வீட்டாருக்கு, மாப்பிள்ளையின் பழைய கடனும் பெண் வீட்டாருக்கு!

கேள்வி: கட்டுகிற காலத்தில் ரயில்களை எப்படி ஓட்டினார்கள்?
– வாசகர், பளை

பதில்: இமபெட்சுவில் 2015 ஓகஸ்ட் 10 முதல் எந்த ரயிலும் நிற்கவில்லை. கட்டிடக்காரருக்கு நடுவால் ரயில்கள் ஓடிக்கொண்டே இருந்தன. திறப்பதற்கு முன் நான்கு நாள், மார்ச் 22 முதல் 25 வரை, சுரங்கத்தில் பயணிகள் ரயிலே இல்லை. மின் அழுத்தத்தையும் சைகைகளையும் புதியதற்கு மாற்றிப் பரிசோதிக்க எடுத்த நாட்கள் அவை. நாங்கள் 1990 இல் போரில் இழந்த யாழ்ப்பாண ரயிலை 2014 ஒக்டோபர் 13 வரை காத்திருந்து வாங்கினவர்கள். சிலிப்பர் கட்டை பதுங்குகுழிக்குப் போன ஊரில் நான்கு நாளைப் பெரிதாகப் பேசினால் சிரிப்பார்கள்.

கேள்வி: யாழ்ப்பாணத்துக்குப் புல்லட் ரயில் எப்போது?
– வாசகர், மானிப்பாய்

பதில்: மானிப்பாய்க்குச் சாதாரண ரயிலே கிடையாது, அண்ணை. கேள்வி மட்டும் புல்லட்!

பாதை அகலத்தில் குறையில்லை. எங்களுடையது 1,676 மில்லிமீட்டர், புல்லட் பாதையைவிட அகலம். குறை வேறு இடத்தில். பொல்காவலைக்கு இப்பால் ஒற்றைத் தண்டவாளம். எதிர் ரயில் வரும் வரை ஏதோ ஒரு நிலையத்தில் கிடக்க வேண்டும். அடுத்தது கடவைகள். புல்லட் ரயிலுக்கென்று போட்ட பாதையில் கடவையே கிடையாது, எல்லாம் பாலம் அல்லது சுரங்கம். இங்கே காவல் இல்லாத கடவைகளில் ஓட்டோவும் மாடும் ரயிலோடு போட்டி போடுகின்றன. நள்ளிரவு முதல் காலை ஆறு மணி வரை புல்லட் பாதையில் பயணிகள் ரயில் ஓடாது, திருத்த வேலை மட்டும். எங்கள் தபால் ரயில் ஓடுவதே அந்த நேரத்தில்தான். முதலில் கடவைகளுக்குப் படலை போடட்டும், மிச்சத்தைப் பிறகு பேசுவோம்.

கேள்வி: அந்த நிலையத்தைப் பார்க்க என் மகள் போக நினைக்கிறாள். என்ன கவனிக்க வேண்டும்?
– வாசகி, கோண்டாவில்

பதில்: ஹயபுசாவில் எல்லாம் முன்பதிவு ஆசனங்கள்தான். எல்லா ஹயபுசாவும் அங்கே நிற்காது, ரிக்கெட் எடுக்க முதல் பார்க்கச் சொல்லுங்கள். இறங்கிய பிறகு அடுத்த ரயிலுக்கு நெடுநேரம் இருக்கும். சாப்பாட்டுப் பொதியை ஏறுகிற நிலையத்திலேயே வாங்கட்டும், மார்ச்சில் போனாலும் தடித்த குளிர்ச்சட்டை வேண்டும்.