கேள்வி–பதில்: பெரியவர்களுக்கான ஃபேன்டசி எது?

கேள்வி: எனக்கு வயது 41. 'பொன்னியின் செல்வன்' மூன்று முறை படித்திருக்கிறேன். 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' டிவி தொடரை முழுதாகப் பார்த்து முடித்தேன். அதுபோன்ற எபிக் ஃபேன்டசி நாவல்களை ஆங்கிலத்தில் படிக்க ஆசை. பள்ளிப் பிள்ளைகள் மந்திரம் கற்கும் கதைகள் வேண்டாம். ரத்தம், சூழ்ச்சி, படுக்கையறை எல்லாம் தயக்கமில்லாமல் எழுதப்பட்ட, பெரியவர்களுக்கான தொடர் வேண்டும். எவ்வளவு நீளமானாலும் பரவாயில்லை. 14 தொகுதி உள்ள 'வீல் ஆஃப் டைம்' வாங்கலாமா, அந்த டிவி தொடருக்கு மூலமான மார்ட்டினின் நாவல்களையே எடுக்கலாமா?
— ஒரு வாசகர், திருச்சி

பதில்: இரண்டிலும் தொடங்க வேண்டாம். ராபின் ஹாப் எழுதிய 'அஸாசின்ஸ் அப்ரெண்டிஸ்' நாவலில் தொடங்குங்கள். காரணத்தைச் சொல்கிறேன். அதற்கு முன்னால், உங்கள் கேள்விக்குள் இருக்கும் ஒரு எண்ணத்தை நான் மறுத்தே ஆக வேண்டும். ரத்தமும் படுக்கையறையும் இருந்தால் அது பெரியவர்களுக்கான கதை என்று நினைக்கிறீர்கள். பதிப்பாளர்களும் அப்படித்தான் விற்கிறார்கள். அட்டையில் ரத்தம் சொட்டும் வாளைப் போட்டுவிட்டு, உள்ளே பதினாறு வயதுப் பையனின் பகற்கனவை வைத்திருக்கும் நாவல்கள் ஏராளம். வெட்டுப்பட்டுச் செத்தவர்களை யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை. நாயகன் செய்த தவறுக்கு நாயகன் விலை கொடுப்பதில்லை. அதில் எத்தனை கொலை நடந்தால் என்ன?

நீங்கள் பார்த்த தொடரிலிருந்தே எடுத்துக்கொள்வோம். நெட் ஸ்டார்க் ஏன் சாகிறார்? ராணியின் ரகசியம் அவருக்குத் தெரிந்துவிடுகிறது. அதை மன்னனிடம் சொன்னால் அவளுடைய குழந்தைகளின் உயிருக்கு ஆபத்து. அதனால் அவளையே நேரில் சந்தித்து, பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஓடிப்போய்விடு என்று எச்சரிக்கிறார். அந்த இரக்கம்தான் அவர் தலையை வாங்குகிறது. நல்ல மனிதர் ஒருவர் நல்ல காரணத்துக்காக ஒன்றைச் செய்கிறார், அதற்கான விலையை அவரும் அவர் குடும்பமும் கொடுக்கிறார்கள். அந்த இடத்தில்தான் அது முதிர்ந்த கதை ஆகிறது. கத்தி விழும் காட்சியை மட்டும் பார்த்துவிட்டு அதன் பின்னால் இருக்கும் முடிவை விட்டுவிட்டால், அடுத்து வாங்கும் புத்தகத்தையும் தவறாகத்தான் வாங்குவோம்.

இதற்கு நேர் எதிர்ப்பக்கத்திலிருந்து ஒரு உதாரணம். உர்சுலா லெ குவின் எழுதிய எர்த்சீ நாவல்கள். முதல் நாவல் 1968இல், இளம் வாசகர்களுக்காக ஒரு பதிப்பகம் கேட்டு எழுதியது. மந்திரம் கற்கப் போகும் பையனின் கதைதான், நீங்கள் வேண்டாம் என்று ஒதுக்கிய அதே வகை. 1972இல் மூன்றாவது நாவல் வந்தது. அந்தப் பையன், இப்போது கெட் என்ற பெரும் மந்திரவாதி, மரித்தோர் நாட்டுக்குள் போய், உலகத்தைக் காக்கத் தன் சக்தி முழுவதையும் செலவழித்துவிட்டு, டிராகன் முதுகில் ஏறிப் பறந்து போகிறார். வேறு யாராக இருந்தாலும் அங்கே முற்றுப்புள்ளி வைத்திருப்பார்கள்.

லெ குவின் 18 ஆண்டுகள் கழித்து, 1990இல், 'டெஹானு' எழுதினார். அந்த டிராகன் கெட்டைக் கொண்டுவந்து இறக்கும் ஊரில், டெனார் என்ற நடுவயதுப் பெண் இருக்கிறாள். இரண்டாவது நாவலின் நாயகி. இப்போது ஒரு விவசாயியின் விதவை, பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள். நெருப்பில் தள்ளிச் சாகவிடப்பட்ட ஒரு சிறுமியை எடுத்து வளர்த்துக்கொண்டிருக்கிறாள். வந்து இறங்கும் மனிதருக்கு இப்போது ஒரு சின்ன மந்திரம்கூட வராது. யாராவது தேடி வந்தால் முகம் காட்ட வெட்கப்பட்டு ஒளிந்துகொள்கிறார். சக்தி போன பிறகு அந்த ஆண் யார்? பாதி முகம் வெந்துபோன குழந்தையை எப்படி வளர்ப்பது, அவளிடம் என்ன சொல்வது, அவளைச் சிதைத்தவர்கள் திரும்ப வந்தால் என்ன செய்வது? நாவல் முழுக்க இவைதான். போர் இல்லை. கொடுமை நடந்த நேரத்தை அவர் விவரிப்பதில்லை, அது அந்தக் குழந்தையின் உடம்பிலும் மௌனத்திலும் விட்டுச் சென்றதைத்தான் காட்டுகிறார். நெபுலா விருது பெற்ற நாவல் இது. நான் படித்த ஃபேன்டசி நாவல்களிலேயே இதைவிடப் பெரியவர்களுக்கானது வேறொன்று இல்லை. முதல் மூன்றையும் படித்தபின் இதற்கு வாருங்கள். எல்லாமே மெல்லிய புத்தகங்கள், ஆங்கிலமும் தெளிவாக இருக்கும்.

சரி, ராபின் ஹாப் ஏன்? ஏனென்றால் நீங்கள் பொன்னியின் செல்வனை மூன்று முறை படித்தவர். அரண்மனை, வாரிசுச் சண்டை, ஒற்றர்கள், நோயாளி மன்னர், அவரைச் சுற்றி நடக்கும் சதி, இவையெல்லாம் உங்களுக்குப் பழகிய நிலம். 'அஸாசின்ஸ் அப்ரெண்டிஸ்' நாவலும் அங்கேதான் நடக்கிறது. பட்டத்து இளவரசருக்கு முறைதவறிப் பிறந்த ஆறு வயதுப் பையனை அரச படை முகாமின் வாசலில் கொண்டுவந்து விடுகிறார்கள். பெயர் ஃபிட்ஸ். அவனை வெளியே விட்டால் நாளைக்கு எவனாவது அவனை வைத்துக் கலகம் செய்வான். கொன்றுவிடவும் மனமில்லை. அதனால் அவனை மன்னருக்குப் பயன்படும் ஆயுதமாக்க முடிவு செய்கிறார்கள். விஷம் கலக்கவும் ஓசையில்லாமல் கொல்லவும் ரகசியமாகக் கற்றுக்கொடுக்கிறார்கள். பையனுக்கு அது பாசமாகத் தெரிகிறது, ஏனென்றால் வேறு யாரும் அவனிடம் அவ்வளவு நேரம் உட்கார்ந்து பேசியதில்லை. கற்றுக்கொடுக்கும் கிழவருக்கு அவன்மேல் உண்மையிலேயே பாசம் இருக்கிறது. கொலைத் தொழிலும் அன்பும் ஒரே அறையில் நடப்பதைத்தான் ஹாப் எழுதுகிறார்.

அதில் ஒரு பயங்கரம் வருகிறது. கடற்கொள்ளையர்கள் கடலோர ஊர்களில் ஆட்களைப் பிடித்துக்கொண்டு போய், மனிதத்தன்மையை முழுக்க உருவிவிட்டுத் திருப்பி அனுப்புகிறார்கள். திரும்பி வருவது அதே கணவன், அதே மகள், முகம் மாறவில்லை. ஆனால் பசியையும் கோபத்தையும் தவிர உள்ளே எதுவும் கிடையாது. ஊர்க்காரர்கள் அவர்களை விட்டுவிடவும் முடியவில்லை, வீட்டில் வைத்துக்கொள்ளவும் முடியவில்லை. அவர்களைக் கொல்லும் வேலை ஃபிட்ஸிடம் வருகிறது. மாயம், மந்திரம் எல்லாம் எதற்கு என்று கேட்பவர்களிடம் நான் இந்தப் பகுதியைத்தான் காட்டுவேன். யதார்த்த நாவலில் இந்தக் கேள்வியை இவ்வளவு நேராக வைக்க வழியே இல்லை.

இந்த முதல் மூன்று நாவல்கள் 1995 முதல் 1997 வரை வந்தவை. அவற்றோடு நிறுத்திக்கொள்ளலாம், ஒரு முடிவு கிடைக்கும். பிடித்துப்போனால் அதே உலகத்தில் மொத்தம் 16 நாவல்கள் இருக்கின்றன, கடைசி 2017இல் வந்துவிட்டது. வந்தியத்தேவனின் குறும்பை எதிர்பார்த்துப் போகாதீர்கள், இது வலிக்கும் கதை. மூன்றாவது நாவலில் பயணம் ரொம்ப நீள்கிறது. அப்புறம், படுக்கையறைக் காட்சிகள் குறைவு.

மார்ட்டினை ஏன் தள்ளிவைக்கச் சொன்னேன்? தரத்தில் குறை இல்லை. முதல் மூன்று நாவல்கள், குறிப்பாக 2000இல் வந்த மூன்றாவது, இந்த வகையின் உச்சங்கள். ஆனால் நான்காவது 2005இல், ஐந்தாவது 2011இல் வந்தது. ஆறாவது இன்னும் வரவில்லை. திட்டம் ஏழு. பேட்ரிக் ரோத்ஃபஸ் 2007இலும் 2011இலும் இரண்டு நாவல்கள் எழுதினார், அழகான மொழி. முத்தொகுதியின் மூன்றாவதற்கு வாசகர்கள் இன்றும் காத்திருக்கிறார்கள். இந்த எழுத்தாளர்களை வசைபாடுகிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. யாரும் நமக்கு நாவல் எழுதித்தரக் கடன்பட்டவர்கள் கிடையாது. ஆனால் இந்த வகையை இப்போதுதான் தொடும் ஒருவர், ஐந்து தடித்த புத்தகங்களுக்குப் பிறகு அந்தரத்தில் நிற்க வேண்டிய அவசியம் என்ன? தொடர் வாங்கும் முன் கடைசித் தொகுதி வந்துவிட்டதா என்று பாருங்கள். இல்லையென்றால், வந்தவரைக்கும் ஒரு முடிவாவது உண்டா என்று பாருங்கள்.

'வீல் ஆஃப் டைம்' முடிந்த தொடர்தான். ராபர்ட் ஜோர்டன் 1990இல் தொடங்கினார், 2007இல் இறந்துவிட்டார். அவருடைய மனைவியும் எடிட்டருமான ஹாரியட் மக்டூகல், பிராண்டன் சாண்டர்சனைத் தேர்ந்தெடுத்து, ஜோர்டன் விட்டுச்சென்ற குறிப்புகளைக் கொடுத்தார். கடைசி மூன்று தொகுதிகள் அப்படி எழுதப்பட்டு 2013இல் நிறைவுற்றது. ஒரு தொடரை அவ்வளவு அக்கறையோடு கரை சேர்த்தது எனக்கு மிகவும் மரியாதைக்குரிய விஷயம். ஆனால் எட்டு முதல் பத்து வரையான தொகுதிகளில் கதை கிட்டத்தட்ட நின்றுவிடுகிறது. தொடரை நேசிப்பவர்களே இதை ஒப்புக்கொள்வார்கள். இந்த வகையில் உங்களுக்கு ருசி உண்டா என்று தெரிவதற்குள் 14 தொகுதிக்குப் பணம் கட்ட வேண்டாம்.

நீளம் பரவாயில்லை என்கிறீர்கள். நீளத்தை ஒரு தகுதியாகவே நான் எடுத்துக்கொள்வதில்லை. கய் கேவ்ரியல் கே எழுதிய 'டிகானா' ஒரே நாவல், 1990இல் வந்தது. போரில் தன் மகனை இழந்த ஒரு மந்திரவாதி அரசன், பழிக்குப் பழியாக, மகனைக் கொன்ற நாட்டின் பெயரையே உலகத்தின் காதிலிருந்து அழித்துவிடுகிறான். அங்கே பிறந்தவர்களைத் தவிர வேறு யாராலும் அந்தப் பெயரைக் கேட்கக்கூட முடியாது. அவர்கள் செத்துவிட்டால் அப்படி ஒரு நாடு இருந்ததே இல்லை என்றாகிவிடும். அந்த அரசனைக் கொல்ல அந்த நாட்டுப் பெண் ஒருத்தி அரண்மனைக்குள் போகிறாள், போய் அவனைக் காதலிக்கத் தொடங்குகிறாள். அவனும் வெறும் அரக்கன் இல்லை, மகனைப் பறிகொடுத்த தகப்பன். யார் பக்கம் நிற்பது என்று தவிக்க வைக்கும். ஒரே புத்தகம் போதும் என்றால் இதை எடுங்கள்.

இளம் வயதில் டோல்கியனின் 'லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' படித்துவிட்டு, அதெல்லாம் சின்னப் பிள்ளைகள் சமாசாரம் என்று சொல்பவர்கள் உண்டு. தீய மோதிரத்தை அழிக்கப் போகும் நாயகன் ஃப்ரோடோ கடைசியில் தோற்றுப்போகிறான் என்பதை அவர்கள் மறந்துவிடுகிறார்கள். மோதிரத்தை எறிய வேண்டிய இடத்துக்கு வந்து, இது என்னுடையது என்கிறான். ஊர் திரும்பிய பிறகும் அவனால் அங்கே வாழ முடிவதில்லை. முதல் உலகப் போரில், 1916இல் சோம் போர்க்களத்தில் நின்றவர் எழுதியது அது.

கொடூரம் வேண்டும்தான் என்றால் ஜோ அபர்கிராம்பியின் 'தி பிளேட் இட்செல்ஃப்' இருக்கிறது, 2006 முதல் 2008 வரை வந்த முத்தொகுதியின் முதல் நாவல். அதில் குளோக்டா என்று ஒருவன், எதிரிச் சிறையில் சித்திரவதைப்பட்டு முடமாகித் திரும்பியவன், இப்போது மற்றவர்களைச் சித்திரவதை செய்வது அவன் உத்தியோகம். மாடிப்படி ஏறுவதே அவனுக்கு நரகம். ரத்தத்துக்கு அங்கே கனம் இருக்கிறது. என். கே. ஜெமிசினின் 'தி ஃபிஃப்த் சீசன்' இன்னும் கடுமையானது. தன் சின்ன மகனைக் கணவனே அடித்துக் கொன்றுவிட்டு மகளோடு ஓடிவிட்டான் என்று ஒரு தாய் கண்டுபிடிப்பதில் அவள் கதை தொடங்குகிறது. அந்த முத்தொகுதியின் மூன்று நாவல்களும் 2016, 2017, 2018 என அடுத்தடுத்து ஹியூகோ விருது வாங்கின. அந்தத் தாயின் பகுதிகளை உங்களைப் பார்த்து 'நீ' என்று சொல்லும் நடை முதலில் இடறும், ஐம்பது பக்கம் பொறுங்கள்.

ஆங்கிலத்தில் பெரிய நாவல்கள் படித்துப் பழக்கமில்லை என்றால் சாண்டர்சனின் 'மிஸ்ட்பார்ன்' முத்தொகுதி எளிமையான நடை, விறுவிறுப்பு, முடிவும் உண்டு. மனிதர்களின் ஆழத்தில் ஹாப் அளவுக்கு வராது. ஸ்டீவன் எரிக்சனின் பத்து தொகுதி மலாஸான் தொடரை யாராவது முதலில் பரிந்துரைத்தால் கேட்காதீர்கள். தொல்லியல் படித்தவர், நாகரிகங்கள் அழிவதை அவரைப் போல எழுதியவர்கள் குறைவு. ஆனால் எந்த விளக்கமும் தராமல் நடுப்போரில் இறக்கிவிடுவார். பத்துப் பதினைந்து நாவல் படித்தபின் போக வேண்டிய இடம் அது.

பெட்டியாக விற்கும் முழுத் தொகுப்பை வாங்காதீர்கள், முதல் புத்தகம் மட்டும் போதும். கிண்டிலில் மாதிரிப் பக்கங்கள் இலவசமாகக் கிடைக்கும், அதைப் படித்துவிட்டு வாங்குங்கள். பின்னால் இருக்கும் அகராதியையும் வம்சாவளியையும் மனப்பாடம் செய்ய உட்கார வேண்டாம், நல்ல எழுத்தாளர் தேவையானதைத் தேவையான இடத்தில் நினைவுபடுத்துவார். ஃபிட்ஸோடு நூறு பக்கம் போயும் மனம் ஒட்டவில்லை என்றால் மூடிவைத்துவிட்டு 'டிகானா' எடுங்கள். எது பிடித்தது, எது பிடிக்கவில்லை என்று எனக்கு எழுதுங்கள், அதை வைத்து அடுத்த புத்தகத்தைச் சொல்கிறேன்.