சைக்கிளைப் பூட்டினானா?

அன்புள்ள ஐயா,

ஏற்காடு அடிவாரத்தை ஒட்டிய அரசுப் பள்ளியில் தமிழாசிரியை நான். பத்தாம் வகுப்புக்கு ஹைடெக் லேபில் ‘பைசைக்கிள் தீவ்ஸ்’ என்ற பழைய இத்தாலியப் படத்தைப் போட்டேன். முன்னதாக முக்கால் மணி நேரம் அதன் சிறப்புகளை விளக்கினேன். சைக்கிள் திருடுபோனதும் ஒரு பையன், “டீச்சர், பூட்டாமயா வுட்டான்?” என்றான். வகுப்பே சிரித்தது, திட்டிவிட்டேன். மறுநாள் வைத்த ஐந்து மதிப்பெண் வினாவுக்கும் யாரும் உருப்படியாக எழுதவில்லை. அடுத்த வாரம் நம்மூர் ‘மந்திரி குமாரி’. அதற்கும் கொட்டாவி. கறுப்பு வெள்ளைதான் தடையா, செல்போனா? ரசனை வளர்க்கப் பத்துப் படங்கள் சொல்லுங்கள்.

ஒரு வாசகி, சேலம்

அன்புள்ள டீச்சர்,

முக்கால் மணி நேரமா! அந்தப் படமே ஒன்றரை மணி நேரம்தான். பந்திக்கு வந்தவனை வாசலில் நிறுத்தி சமையல்காரரின் பெருமையைச் சொன்னால் பசி செத்துப்போகாதா?

கறுப்பு வெள்ளை, செல்போன் எல்லாம் சாக்கு. விடுங்கள்.

அந்தப் பையனை ஏன் திட்டினீர்கள்? உங்கள் வகுப்பில் படம் பார்த்தவனே அவன்தான். ஏணியில் நின்று போஸ்டர் ஒட்டுகிறவன் சைக்கிளைச் சும்மா சாய்த்து வைத்திருக்கிறான் என்பது அவன் கண்ணில் பட்டிருக்கிறது. “ஆமாடா, ஏன் பூட்டல?” என்று கேட்டிருந்தால் மிச்ச வகுப்பை அவர்களே நடத்தியிருப்பார்கள். நீங்களோ ஐந்து மதிப்பெண்ணோடு வந்து நிற்கிறீர்கள். அந்த வினாத்தாளைக் கிழித்துப் போடுங்கள்.

அடுத்த முறை முழுப் படம் வேண்டாம். அடகுக்கடைக் காட்சியை மட்டும் போடுங்கள். அடகில் கிடக்கும் சைக்கிளை மீட்க மனைவி படுக்கை விரிப்புகளை உருவிக் கொண்டுபோகிறாள். கடைச் சிப்பந்தி அந்த மூட்டையைத் தூக்கிக்கொண்டு அலமாரியில் ஏறுகிறான், ஏறிக்கொண்டே இருக்கிறான். கூரைவரை மூட்டைகள். அத்தனையும் அடுத்த வீட்டு விரிப்புகள். 1948இல் இயக்குநர் டி சிகா ஒரு ஊரின் வறுமையை வசனமே இல்லாமல் காட்டிவிட்டார். ஒருமுறை போடுங்கள். அப்புறம் சத்தத்தை அணைத்துவிட்டு மறுபடி போடுங்கள். கேமரா எங்கே போகிறது, ஏன் மேலே போகிறது என்று மட்டும் கேளுங்கள். உங்கள் பிள்ளைகளில் பாதிப் பேர் கொலுசுப் பட்டறை வீடு, தறி வீடு. ஜூன் மாதம் பள்ளி திறக்கும்போது அம்மாவின் தோடு எங்கே போகும் என்று அவர்களுக்கு நீங்கள் சொல்லித்தர வேண்டியதில்லை. அதற்காக, யார் வீட்டு நகை அடகில் இருக்கிறது என்று கேட்டுவைக்காதீர்கள் தாயே.

என் தாய்மாமா, ‘மந்திரி குமாரி’யை எடுத்த நம்மூர் ஸ்டுடியோ மாடர்ன் தியேட்டர்ஸில் செட் தச்சராக இருந்தவர். ஞாயிறு மாலை தூர்தர்ஷனில் படம் ஓடினால் கதை அவருக்கு ஒரு பொருட்டே இல்லை. “அது கோட்டைச் சுவரா? தட்டுனா தொப்புன்னு சத்தம் வரும், துணிடா.” “விளக்கு இந்தப் பக்கம் எரியுது, நெழலும் இந்தப் பக்கமே வுழுவுது பாரு.” அத்தை கத்துவாள். நாங்கள் காதைப் பொத்திக்கொள்வோம். ஆனால் அதற்குப் பிறகு எந்தப் படத்திலும் நிழலைத் தேடாமல் என்னால் உட்கார முடியவில்லை. மனிதர் ரசனை என்ற சொல்லை வாழ்நாளில் உச்சரித்ததில்லை.

நம்மூர்ப் பெருமையையும் ஒப்பித்திருப்பீர்கள். மாடர்ன் தியேட்டர்ஸை நிறுவிய டி.ஆர்.சுந்தரம், அங்கே எடுத்த மலையாளத்தின் முதல் பேசும்படம் ‘பாலன்’ 1938, தமிழின் முதல் முழுநீள வண்ணப்படம் ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ 1956. எல்லாம் சரி, டிஎன்பிஎஸ்சிக்கு உதவும்.

நீங்கள் தமிழாசிரியை. குண்டலகேசியை ஐம்பெருங்காப்பியங்களில் ஒன்று என்று மனப்பாடம் செய்ய வைக்கிறீர்கள் அல்லவா? ‘மந்திரி குமாரி’யின் உச்சக்கட்டம் அந்தக் கதைதான். கணவன் மலையுச்சிக்கு அழைத்துப்போகிறான், தள்ளிவிட. சாகுமுன் உங்களை மூன்று முறை வலம் வருகிறேன் என்கிறாள் அவள். அந்தக் கட்டத்தை மட்டும் போடுங்கள். மூன்றாவது சுற்றில் அவள் அவன் முதுகுப் பக்கம் வரும்போது படத்தை நிறுத்துங்கள். பிள்ளைகள் உங்களைத் திட்டுவார்கள். திட்டட்டும், அந்தப் பையனுக்கும் ஒரு கணக்குத் தீரும்.

பத்துப் படப் பட்டியல் இன்னொரு நாள்.

அன்புடன்.