முதல் அலகை ஆய்வகத்தில் தொடங்குங்கள்

கேள்வி: வேலூர் அருகே, அண்ணா பல்கலைக்கழக இணைப்புப் பெற்ற கல்லூரி ஒன்றில் முதலாண்டு மாணவர்களுக்குப் பொறியியல் வேதியியல் நடத்துகிறேன். கணினித் துறை மாணவர்கள் "எங்களுக்கு இது எதற்கு?" என்று கேட்கிறார்கள். பாடத்திட்டமும் வினாத்தாளும் பல்கலைக்கழகத்தினுடையவை என்னும்போது, நான் எதை மாற்ற முடியும்?
– ஒரு விரிவுரையாளர், காட்பாடி

பதில்: பாடத்தின் வரிசையை மாற்றலாம், அதற்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை. பல்கலைக்கழகத்தின் 2021 ஒழுங்குமுறைப் பாடத்திட்டத்தில் முதல் அலகே நீரும் அதன் சுத்திகரிப்பும்தான். வரையறை, கணக்கு, கொதிகலன் கோளாறுகள் என்று எல்லாவற்றையும் கரும்பலகையில் முடித்த பிறகே ஆய்வகத்துக்குப் போவது வழக்கம். நீங்கள் ஆய்வகத்தில் தொடங்குங்கள். குடியாத்தம், ஆம்பூர், ஆற்காடு என்று பல ஊர்களிலிருந்து வரும் பிள்ளைகளை வீட்டு ஆழ்துளைக் கிணற்று நீரை ஒரு பாட்டிலில் கொண்டுவரச் சொல்லி, யார் வீட்டில் பருப்பு வேக மறுக்கிறது, எந்தத் தண்ணீரில் சோப்பு நுரைப்பதில்லை என்று விசாரித்து, எது மிகக் கடினமான நீர் என்ற ஊகத்தை ஒவ்வொருவரும் எழுதி வைக்கட்டும். பிறகு நிறங்காட்டி சேர்த்த நீரில், பியூரெட்டிலிருந்து கடினத்தன்மையை அளக்க உதவும் ஈ.டி.டி.ஏ. கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டு, குடுவையில் ஒயின் சிவப்பு மறைந்து நீலம் தெளியும் அந்த ஒரு சொட்டை அவர்களே கண்டுபிடிக்கட்டும். குடிநீரின் மொத்தக் கடினத்தன்மைக்கான இந்தியத் தர அளவு, கால்சியம் கார்பனேட்டாகக் கணக்கிட்டால், லிட்டருக்கு 200 மில்லிகிராம். வேறு நீராதாரம் இல்லாவிட்டால் 600 வரை ஏற்கலாம். தன் வீட்டு நீர் இதில் எங்கே நிற்கிறது என்று பார்த்துவிட்ட மாணவனிடம், கடினத்தன்மையை நீக்கும் அயனிப் பரிமாற்ற முறையைப் பற்றிப் பேசினால் காதுகொடுத்துக் கேட்பான்.

கணினி மாணவர்களிடம் வகுப்பின் அளவீடுகள் முழுவதையும் கொடுத்து, அதே ஆண்டில் அவர்கள் படிக்கும் பைத்தானில் ஊர்வாரியாக வரைபடம் போடச் சொல்லுங்கள். அவர்கள் கேட்ட "எதற்கு?" என்ற கேள்விக்கு வாய்ப்பேச்சைவிட இது நல்ல பதில்.

தேர்ச்சி விகிதம் குறையுமோ என்று நிர்வாகம் தயங்கலாம். 225 ஆய்வுகளைத் தொகுத்து 2014இல் வெளியான அமெரிக்கக் கட்டுரையின்படி, விரிவுரை மட்டுமே நடந்த வகுப்புகளில் சராசரியாக ஏறத்தாழ 34 சதவீதம் பேரும், மாணவர்கள் பங்கேற்ற வகுப்புகளில் 22 சதவீதம் பேரும் தோற்றனர்.

மாணவர்களே முதலில் முணுமுணுக்கக்கூடும் என்பதையும் எதிர்பாருங்கள். ஹார்வர்டு இயற்பியல் வகுப்புகளில் நடத்தி 2019இல் வெளியிட்ட ஆய்வில், தாமே முயன்று கற்ற வகுப்பில் மாணவர்கள் அதிகம் கற்றிருந்தும், சரளமான விரிவுரையில்தான் அதிகம் கற்றதாக நினைத்தார்கள். ஆகவே, ஏன் இப்படி நடத்துகிறீர்கள் என்பதை முதல் நாளே அவர்களிடம் விளக்கிவிடுங்கள். ஐந்து அலகுகளையும் ஒரே பருவத்தில் மாற்ற முனைய வேண்டாம். இந்த முறை நீர் மட்டும் போதும்.