சாரம் கட்டுற இடத்தையும் காட்டுங்கள்

கேள்வி: என்ர கணவருக்கு 36 வயது. 9 வருசமாக அல்சரேற்றிவ் கொலைற்றிஸ், பெருங்குடலில புண் வந்து இரத்தமாப் போற வருத்தம். இந்த வருசம் மட்டும் இரண்டு தரம் வார்ட்டில் வைத்து ஸ்ரீரொயிட் மருந்தும் இரத்தமும் ஏற்றினவை. இப்ப பெருங்குடல் முழுவதையும் எடுத்து, மலம் போக வயித்தில ஒரு பை ஒட்டவேணும் எண்டு சத்திரசிகிச்சை நிபுணர் சொல்லுறார். “குடலை எடுத்தால் பிள்ளை என்னெண்டு சாப்பிடுவான்? பையோட கோயிலுக்கும் போகேலாதே” எண்டு மாமி அழுகிறா. நாட்டு வைத்தியம் ஒருக்கால் பார்ப்பம் எண்டும் சொல்லுறா. எங்களுக்கு மூண்டு வயதில ஒரு பிள்ளை. என்ன செய்யிறது?
(வாசகி, வடமராட்சி)

பதில்: தங்கச்சி, உங்கள் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தேன். மாமியின் பயம் இருக்கிறது, உங்கள் பயமும் இருக்கிறது. உங்கள் கணவர் என்ன சொல்கிறார் என்று ஒரு வரிகூட இல்லை. இரவில் எத்தனை தரம் எழும்பி ஓடுகிறார், பருத்தித்துறை பஸ்ஸில் ஏறுவதற்கு முதல் எத்தனை மணித்தியாலம் பட்டினி கிடக்கிறார் என்று கேட்டுப் பாருங்கள். பையோடு வாழ்கிறதை நீங்கள் சுகதேகியின் வாழ்க்கையோடு ஒப்பிட்டு அழுகிறீர்கள். அவருக்கு அந்தச் சுகம் கைவிட்டுப் போய் 9 வருடம்.

முதலில் மாமிக்கு. சாப்பாட்டின் சத்தை உடம்பில் சேர்ப்பது சிறுகுடல். ஆறு மீற்றர் அளவு நீளமான அதை யாரும் எடுக்கப் போவதில்லை. பெருங்குடல் ஒன்றரை மீற்றர்தான்; அதன் முக்கிய வேலை தண்ணீரையும் உப்பையும் உறிஞ்சுவது. ஆகவே அவர் சோறும் மீன்குழம்பும் சாப்பிடுவார், உடம்பும் தேறும். இந்த நோய் பெருங்குடலையும் மலக்குடலையும் தாண்டிப் போவதில்லை. இரண்டையும் எடுத்தால் குடலில் நோய் இருக்க இடமில்லை. இதைப்போலவே தெரிகிற இன்னொரு குடல் அழற்சியான குரோன்ஸ் நோய் என்றால் கதை வேறு, அது மிச்சக் குடலிலும் திரும்ப வரலாம். எந்த நோய் என்று உறுதியா என்பதைக் கட்டாயம் கேளுங்கள்.

பை சாகும்வரைக்குமா? பலருக்கு இல்லை. 1978இல் லண்டனில் பார்க்ஸ், நிக்கல்ஸ் என்ற இரண்டு சத்திரசிகிச்சை நிபுணர்கள் சிறுகுடலின் கடைசிப் பகுதியை மடித்துத் தைத்து, உள்ளேயே ஒரு பை செய்து ஆசனவாயோடு பொருத்தும் முறையை வெளியிட்டார்கள். இரண்டு மூன்று கட்டமாகச் செய்வார்கள். இடையில் சில மாதம் வெளியே பை இருக்கும். ஆனால் பழைய மாதிரி ஒரு நாளைக்கு ஒருமுறை என்று எண்ணவேண்டாம். நாலு தொடக்கம் எட்டுத் தரம் போகவேண்டி வரும், இரவிலும் ஒருதரம் எழும்பலாம். உள்பையில் அழற்சி வருவதும் சாதாரணம், பெரும்பாலும் அன்ரிபயோற்றிக்கில் அடங்கும். இவ்வளவும் கேட்டுவிட்டு, “எனக்கு வெளிப்பையே நிம்மதி” என்று முடிவெடுத்தவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் தோற்றுப்போனவர்கள் இல்லை.

நாட்டு வைத்தியத்தோடு எனக்குச் சண்டை இல்லை. இரத்தம் ஏற்றுகிற நிலைக்கு வந்தவரை வைத்து நாள் கடத்துவதோடுதான் சண்டை. குடல் வீங்கி வெடித்தபிறகு நடுச்சாமத்தில் செய்கிற ஒப்பரேசனுக்கும், உடம்பைத் தேற்றி நாள் குறித்துச் செய்வதற்கும் உயிர் விஷயத்தில் பெரிய வித்தியாசம். ஸ்ரீரொயிட்டில் கனகாலம் இருந்தவருக்குக் காயம் ஆறுவதும் மெதுவாகத்தான். இந்த நோய் 8, 10 வருடத்தைத் தாண்டினால் புற்றுநோய் அபாயமும் கூடும்.

நான் அதிகம் பயப்படுவது தண்ணீருக்கு. வெளிப்பையில் ஒரு நாளைக்கு 500 தொடக்கம் 800 மில்லிலீற்றர் போவது வழமை. ஒன்றரை லீற்றரைத் தாண்டினால் சிறுநீரகம் அடிபடும். நான் தாதியாக இருந்த விடுதியில், ஒரு சித்திரை வெயிலில், வீட்டுக்குப் போய்ப் பத்து நாளான ஒருவரைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். நாக்கு காய்ந்த பலாவிலை மாதிரி. “குடிச்சவர் மிஸி, செம்பு செம்பாத் தண்ணி குடிச்சவர்” என்று மனைவி சத்தியம் செய்தா. பிழை அதிலேதான் இருந்தது. உப்பில்லாத வெறுந்தண்ணீர் கூடக் கூட, போவதும் கூடும். ஜீவனி (உப்பும் சீனியும் சேர்ந்த பக்கற் மா) கரைத்துக் கொடுங்கள், கஞ்சியில் உப்புப் போடுங்கள். பையில் எவ்வளவு சேர்கிறது என்று முதல் மாதம் அளந்து எழுதுங்கள். கூடினால் பார்த்துக்கொண்டிராமல் வார்ட்டுக்குக் கொண்டு ஓடுங்கள். பேதி மருந்து இனி ஒருநாளும் கூடாது, மாமி எவ்வளவு அன்பாகத் தந்தாலும்.

சாப்பாட்டில் முதல் ஆறு எட்டுக் கிழமை நாருக்குத் தடை: பனங்கிழங்கு, முருங்கைக்காய்ச் சக்கை, தேங்காய்ச் சொட்டு, நல்லூர்த் திருவிழாக் கச்சான் எல்லாம் வயிற்றில் குடல் திறக்கிற வாசலில் அடைத்துக்கொள்ளும். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக, நல்லாகச் சப்பிச் சாப்பிடலாம். சோறும் வாழைப்பழமும் போவதைத் தடிப்பாக்கும்.

கோயில்? பை சரியாக ஒட்டியிருந்தால் மணக்காது. அரைவாசி நிரம்ப முதல் வெறுமையாக்கினால் வெளியே தெரியவும் தெரியாது. குளிக்கலாம், மோட்டார்சைக்கிள் ஓடலாம். காயம் ஆறும்வரை வாளி தூக்கிக் கிணற்றில் அள்ள விடாதீர்கள். வீதியில் பிரதட்டை செய்கிற நேர்த்தி ஏதும் இருந்தால் காவடிக்கும் மாற்றவேண்டாம், அர்ச்சனையோடு நிறுத்துங்கள். முருகன் கோபிக்கமாட்டார்.

நீங்கள் எழுதக் கூச்சப்பட்ட கேள்விக்கும் பதில்: மலக்குடலை எடுக்கும்போது இடுப்பு நரம்புகள் பாதிக்கப்பட்டு ஆண்களுக்குத் தாம்பத்தியத்தில் சிக்கல் வரச் சிறு வாய்ப்பு உண்டு. இன்னொரு பிள்ளைக்கு ஆசை இருந்தால் அதை ஒப்பரேசனுக்கு முதலே நிபுணரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். ஆங்கிலத்தில் விளக்கினால் தலையாட்டிவிட்டு வராதீர்கள். மானிப்பாயில் அமெரிக்க மிசன் வைத்தியர் கிறீன் 19ஆம் நூற்றாண்டிலேயே மேலைநாட்டு வைத்தியத்தைத் தமிழில் படிப்பித்த ஊர் இது. தமிழில் சொல்லுங்கோ என்று கேட்பதில் வெட்கம் என்ன?

இன்னும் ஒன்று. ஒப்பரேசனுக்கு முதல், பை வரும் இடத்தைப் பேனையால் வயிற்றில் குறிப்பார்கள். படுத்தபடி மட்டும் குறிக்க விடாதீர்கள். அவர் வீட்டில் கட்டுகிற சாரத்தைக் கொண்டுபோய்க் கட்டி, நிலத்தில் சப்பாணி கொட்டி இருந்து, குனிந்து காட்டட்டும். முடிச்சு விழுகிற இடத்தில் புள்ளி விழுந்தால், “இதைக் கொஞ்சம் கீழே வையுங்கோ மிஸி” என்று அவரே சொல்லட்டும்.