கோயிலுக்குப் போன லேப்டாப்

கேள்வி: சாஃப்ட்வேர் நிறுவனம் ஒன்றில் டீம் லீடாக இருக்கிறேன். வாரத்துக்கு 70 மணி நேரம் வேலை. யாரும் கட்டாயப்படுத்தவில்லை, பிடித்துத்தான் செய்கிறேன். குலதெய்வம் கோயிலுக்கும் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு போனதால், இது வியாதி என்கிறார் மனைவி. உழைப்பது எப்படி வியாதியாகும்?
- பெயர் வேண்டாம், மேடவாக்கம்

பதில்: உழைப்பு வியாதி அல்ல. உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலிலும் வேலைப்பித்து தனி நோயாக இல்லை. ஆனால் ஒன்றை எழுதாமல் விட்டிருக்கிறீர்கள். லேப்டாப் இல்லாமல் அந்தக் கோயிலில் உட்கார்ந்திருந்தால் உங்களுக்கு எப்படி இருந்திருக்கும்? வேலையை விரும்புகிறவருக்கு மூடிவைத்தால் மனம் ஆறும். பித்துப் பிடித்தவருக்குக் கை பரபரக்கும், ஏதோ தப்புச் செய்வதுபோல நெஞ்சு உறுத்தும். மணிக்கணக்கைவிட இந்த வேறுபாடுதான் முக்கியம்.

நார்வேயின் பெர்கன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2012இல் வெளியிட்ட அளவுகோலில் 7 கேள்விகள் உண்டு. கடந்த ஓராண்டில், வேலைக்கு இன்னும் நேரம் எப்படி ஒதுக்கலாம் என்றே யோசித்தீர்களா? நினைத்ததைவிட அதிக நேரம் செய்தீர்களா? குற்ற உணர்வையும் பதற்றத்தையும் தணிக்க வேலையில் மூழ்கினீர்களா? குறைக்கச் சொன்னவர் பேச்சைத் தள்ளினீர்களா? வேலை செய்ய முடியாதபோது தவித்தீர்களா? பொழுதுபோக்கு, உடற்பயிற்சியைப் பின்னுக்குத் தள்ளினீர்களா? உடம்பு கெட்டதா? குறைந்தது நான்கு கேள்விகளுக்கு ‘அடிக்கடி’ அல்லது ‘எப்போதும்’ என்று பதில் வந்தால் கவனிக்க வேண்டும். உங்கள் மனைவியையும் உங்களைப் பற்றி இதே தாளை நிரப்பச் சொல்லுங்கள். நான்காவது கேள்விக்கு உங்கள் கடிதமே பதில்.

உடம்புக்கு வருவோம். வாரம் 35 முதல் 40 மணி நேரம் உழைப்பவரைவிட, 55 மணியோ அதற்கு மேலோ உழைப்பவருக்குப் பக்கவாத ஆபத்து 35 சதவீதமும், இதய நோயால் சாகும் ஆபத்து 17 சதவீதமும் கூடுதல். உலக சுகாதார நிறுவனமும் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பும் 2021இல் சொன்ன கணக்கு இது. நீங்கள் 70இல் நிற்கிறீர்கள்.

ஒரேயடியாகக் குறைக்காதீர்கள், நிலைக்காது. முதல் வாரம் குறைக்கவே வேண்டாம். அலுவல் நேரத்துக்குப் பிறகு லேப்டாப் திறக்கும் ஒவ்வொரு முறையும், நேரம், கேட்டது யார், காலை வரை விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற மூன்றை மட்டும் எழுதுங்கள். யாருமே கேட்காத வேலை எவ்வளவு என்று அப்போது தெரியும். முதலில் அதை வெட்டுங்கள். பிறகு இரண்டு வாரத்துக்கு 5 மணி வீதம் குறைத்தால் எட்டு வாரத்தில் 50க்கு வரலாம். ஆபீஸ் மெயிலை போனிலிருந்து எடுத்துவிடுங்கள். சர்வர் விழுந்தால் மட்டும் போன் செய்யட்டும், அதையும் டீமில் முறை வைத்துப் பாருங்கள்.

மிச்சமாகும் நேரத்தைச் சும்மா விட்டால் லேப்டாப்பே அதை விழுங்கிவிடும். இன்னொருவர் உங்களுக்காகக் காத்திருக்கும்படி ஏதாவது ஒப்புக்கொள்ளுங்கள், இரவு 8 மணி ஷட்டில்காக் போல. முதல் சில ஞாயிறுகளில் எரிச்சல் வரும், வீட்டில் சொல்லிவையுங்கள்.

டீம் லீடுகள் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. ஜூனியர் தடுமாறினால் ‘நானே முடிச்சிடறேன்’ என்று வாங்கிக்கொள்வது. கொடுத்த வேலையைத் திரும்ப வாங்காதீர்கள், பார்வையிடும் நாளை முன்கூட்டியே குறித்துவிடுங்கள். இரவில் எழுதிய மெயிலையும் காலை 9 மணிக்குப் போகும்படி வையுங்கள். இல்லாவிட்டால் உங்கள் டீமில் இருக்கும் ஜூனியர்களும் இதையே பழகுவார்கள்.

நிறுத்தினால் தூக்கம் போகிறது, காரணமின்றி பயமோ அழுகையோ வருகிறது என்றால் தனியாகப் போராட வேண்டாம். வேலைக்கு அடியில் பதற்ற நோயோ மனச்சோர்வோ இருக்கலாம். மனநல மருத்துவரைப் பாருங்கள். முதலில் பேசிப் பார்க்க டெலிமானஸ் உதவி எண் 14416 இருக்கிறது. கட்டணமில்லை, தமிழிலேயே பேசலாம்.