நான்ஜிங்குக்குப் பெட்டி கட்டும் தம்பிக்கு

தம்பி, செப்டம்பரில் சீனாவில் இருக்கும் நான்ஜிங்குக்கு முதுகலை படிக்க வருவதாகவும், அம்மா எடுத்து வைத்திருக்கும் பருப்பு, புளி, இட்லிப் பானை, வெந்நீர் போடும் சுருள், ரெண்டு கம்பளி இதெல்லாம் தேவைப்படுமா என்றும் கேட்டிருந்தாய். நான் 2014-ல் இதே ஊருக்கு 46 கிலோவைத் தூக்கிக்கொண்டு வந்தவள். அதில் பாதி முதல் வருடம் முடிவதற்குள் யாருக்கோ போய்விட்டது, மீதி குப்பைக்கு. பெட்டியை அப்புறம் பார்ப்போம். முதலில் போனையும் உன் பேரையும் கவனி.

போன் விஷயம் நம்மூர்க்காரர்களுக்குக் கொஞ்சம் சிக்கல். இங்கே வீசாட்டும் (செய்தியும் பணமும் அனுப்பும் செயலி) அலிபேயும் (பணம் கட்டும் செயலி) இல்லாமல் ஒரு வேளை சாப்பாடுகூட வாங்க முடியாத மாதிரிதான், துறை அறிவிப்பிலிருந்து விடுதிக் கரண்டு பில் வரை எல்லாம் அதில்தான். ஆனால் நம் அரசு 2020-ல் அந்த இரண்டையுமே தடை செய்துவிட்டது. அதனால் ஊரிலேயே எல்லாம் தயார் செய்துவிடலாம் என்று இருக்காதே. விமானம் மாறும் இடத்தில் இறக்கிப் பார், முடியாவிட்டால் இங்கே வந்து சிம் வாங்கிய கையோடு அந்தந்தச் செயலியின் சொந்தத் தளத்திலிருந்தே இறக்கிக்கொள். ஆண்ட்ராய்டு போனில் ப்ளே ஸ்டோர் இங்கே திறக்காது என்பதால் சொல்கிறேன். அதுவரை தாக்குப்பிடிக்கக் கையில் 1,500 யுவானாவது நோட்டாக வைத்திரு. விசா கார்டு அல்லது மாஸ்டர்கார்டு ஒன்று வேண்டும், வெளிநாட்டுப் பயன்பாட்டை வங்கியில் சொல்லித் திறந்துவிடு. அலிபேயில் அதை இணைத்தால் 200 யுவானுக்குள் வாங்குவதற்குக் கட்டணம் இல்லை, அதைத் தாண்டினால் 3 சதவீதம் பிடிப்பார்கள்.

இந்தப் பக்கம் வாட்ஸ்அப், ஜிமெயில், யூடியூப், கூகுள் எதுவும் ஓடாது. அதாவது அம்மாவின் போனில் இருப்பது இங்கே வேலை செய்யாது, உன் போனில் இருக்கப்போவது அங்கே வேலை செய்யாது. நான் பல வருடம் ஸ்கைப்பில் பேசினேன், அதையும் 2025 மே மாதம் மூடிவிட்டார்கள். விபிஎன், அதாவது இந்தத் தடையைச் சுற்றிப் போகும் செயலி, போடுவதாக இருந்தால் கிளம்பும் முன் போட வேண்டும், இங்கே வந்து தேடினால் தேடும் பக்கமே திறக்காது, போட்டதும் எல்லா நாளும் ஓடாது. ஊர் சிம்மில் ரோமிங் டேட்டா இருந்தால் வாட்ஸ்அப் வரும், காரணம் அது ஊர் நெட்வொர்க் வழியாகச் சுற்றிப் போகிறது, ஆனால் செலவு அதிகம். வீடியோவில் பேசும் மைக்ரோசாஃப்ட் டீம்ஸ் இங்கே ஓடுகிறது. அதில் அம்மாவுக்கு ஒரு கணக்கு திறந்து, நீ மாடியிலும் அவர் கீழேயும் உட்கார்ந்து நாலு நாள் பழக்கிவிட்டு வா. ஊர் சிம்மைத் தூக்கிப் போட்டுவிடாதே, ரோமிங்கைத் திறந்து உயிரோடு வை. வங்கி ஓடிபி அதற்குத்தான் வரும்.

அடுத்து பேர். சிரிக்காதே, இதில்தான் நான் அதிகம் அழுதேன். உன் பேர் செந்தில், அப்பா பேர் முருகேசன் என்று வைத்துக்கொள். இங்கே குடும்பப் பேர்தான் முதலில் வரும், அதனால் வகுப்பில் வாத்தியார் உன்னை முருகேசன் என்றுதான் கூப்பிடுவார், ஒரு மாதத்தில் பழகிவிடும். பழகாதது கம்ப்யூட்டர். நான் வந்த மூன்றாம் நாள் சிம் விற்ற கடையில் என் பேரையும் அப்பா பேரையும் இடைவெளி இல்லாமல் ஒரே ரயிலாகக் கோத்துவிட்டார்கள். வங்கியில் நடுவே இடம் விட்டு அடித்தார்கள். ரெண்டும் வேறு வேறு ஆளாம், வீசாட்டில் பணம் போட முடியவில்லை. மூன்று முறை வரிசையில் நின்றேன். கடைசியில் கவுண்டரில் இருந்த பெண் என் பேரை எல்லாம் பெரிய எழுத்தில், எங்கே இடம் விட வேண்டுமோ அங்கே ஒரு சின்னக் கட்டம் வரைந்து, துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தாள். அந்தச் சீட்டு இன்னும் என் பாஸ்போர்ட் உறையில் இருக்கிறது. நீயும் பாஸ்போர்ட்டில் உள்ளபடி அதே வரிசையில், அதே இடைவெளியில் எல்லா இடத்திலும் அடிக்கிறார்களா என்று திரையை எட்டிப் பார். பாஸ்போர்ட்டில் குடும்பப் பேர் கட்டம் காலியாக இருந்தால், பல்கலைக்கழகம் அனுப்பிய கடிதத்தில் பேர் எப்படி இருக்கிறது என்று இப்போதே ஒப்பிட்டுப் பார்.

காகிதங்களில் சேர்க்கைக் கடிதம், மாணவர் விசாவுக்கான ஜேடபிள்யூ 202 படிவம், மருத்துவப் பரிசோதனைப் படிவம், பட்டச் சான்றிதழ், வெள்ளைப் பின்னணியில் ஒரு டஜன் போட்டோ எல்லாம் கைப்பையில்தான் இருக்க வேண்டும், கீழே போகும் பெட்டியில் வைக்காதே. வந்த 24 மணி நேரத்துக்குள் போலீஸில் முகவரிப் பதிவு செய்யணும். விடுதிக்கு நேராகப் போனால் அவர்களே பார்த்துக்கொள்வார்கள், நண்பன் வீட்டில் ரெண்டு நாள் தங்குகிறேன் என்றால் நீதான் ஸ்டேஷனுக்குப் போகணும். எக்ஸ்1 என்னும் நீண்ட படிப்புக்கான விசாவில் வருகிறவர்கள் 30 நாளுக்குள் குடியிருப்பு அனுமதிக்கு விண்ணப்பிக்க வேண்டும். அது கைக்கு வரும் முன் தீபாவளிக்கு ஊருக்கு ஒரு எட்டு போய்வருகிறேன் என்று கிளம்பினால் திரும்பி வர மறுபடி விசா எடுக்க வேண்டியதுதான். பல்கலைக்கழக முகவரியைச் சீன எழுத்திலேயே காகிதத்தில் அச்செடுத்து வா, டாக்ஸிக்காரரிடம் ஆங்கிலம் எடுபடாது.

சரி, இப்போது பெட்டி.

வெந்நீர் சுருளை அங்கேயே விட்டுவிடு. விடுதியில் சூடாக்கும் சாமான் எதுவும் கூடாது, சோதனைக்கு வருவார்கள், என்னுடையது பதினோராம் நாளே போய்விட்டது. தேவையும் இல்லை, இங்கே எல்லோரும் வெந்நீர்தான் குடிக்கிறார்கள், மாடிக்கு மாடி குழாய் இருக்கும். நம்மூர் மூன்று உருண்டை முள் பிளக் இங்கத்திய சாக்கெட்டில் இறங்காது, ஒரு அடாப்டர் போதும். பவர் பேங்க் கொண்டு வராதே, 3சி என்னும் சீனப் பாதுகாப்பு முத்திரை இல்லாததைச் சீன உள்நாட்டு விமானத்தில் 2025 ஜூன் 28-லிருந்து விடுவதில்லை. குவாங்ஜோவில் இறங்கி நான்ஜிங்குக்கு மாறுகிறாய் என்றால் அங்கேயே வாங்கி வைத்துக்கொள்வார்கள்.

கம்பளியும் வேண்டாம். ஆனால் குளிரைச் சாதாரணமாக நினைக்காதே. ஹுவாய் ஆற்றுக்கு வடக்கே உள்ள ஊர்களில் குளிர்காலத்தில் வீட்டுக்கு வீடு குழாய் வழியாகச் சூடு வரும், நான்ஜிங் ஆற்றுக்குத் தெற்கே, அதனால் அது கிடையாது. ஜனவரியில் ஈரத்தோடு சேர்ந்த குளிர் எலும்பில் ஏறும், வெளியே இருப்பதைவிட அறைக்குள் உட்கார்ந்து படிப்பதுதான் கொடுமை. ஹார்பினில் படித்த தோழி ஒருத்தி மைனஸ் இருபதிலிருந்து இங்கே வந்து நடுங்கினாள். ஆனால் இறகு அடைத்த ஜாக்கெட், உள்ளாடை, ரஜாய் எல்லாம் இங்கே மலிவு, இணையக் கடைகளின் நவம்பர் 11 தள்ளுபடி வரை பொறு. செப்டம்பரில் வியர்க்கும், பருத்திச் சட்டைகளே போதும்.

உணவுக்கு: சாம்பார் பொடி, ரசப் பொடி, பெருங்காயம், கொஞ்சம் புளி, துவரம் பருப்பு. துவரை கடைகளில் கிடைக்காது, பச்சைப் பயறு தாராளமாகக் கிடைக்கும். புழுங்கல் அரிசியை மறந்துவிடு. பச்சைக் கறிவேப்பிலை, பழம், இறைச்சி சுங்கத்தில் நிறுத்திவிடுவார்கள், கறிவேப்பிலையைப் பொடியாக்கிக் கொண்டு வா. நீ சைவமா என்று சொல்லவில்லை. சைவம் என்றால் “வோ பூ ச்சர் ரோவ்”, இறைச்சி சாப்பிட மாட்டேன் என்பதைப் பழகு, ஆனால் அதை மட்டும் நம்பாதே. இறைச்சி என்றால் அவர்களுக்குப் பன்றிதான் ஞாபகம் வரும், கோழியைப் போட்டுக் கொடுத்துவிட்டு உன் முகத்தை அன்பாகப் பார்ப்பார்கள். தக்காளி முட்டைப் பொரியல் எல்லா கேண்டீனிலும் உண்டு, முட்டை சாப்பிடுவாய் என்றால் பிழைத்தாய்.

உச்சரிப்பைப் பற்றிப் பயப்படுகிறாயே, பின்யினில், அதாவது சீனத்தை ஆங்கில எழுத்தில் எழுதும் முறையில், b என்று எழுதுவது நம் ‘பல்’லில் வரும் அதே ப-தான். அதில் நமக்குத் திண்டாட்டம் இல்லை, தொனிதான் வேலை வாங்கும்.

இட்லிப் பானையை அம்மாவிடமே கொடுத்துவிடு. அந்த இடத்தில் துவரம் பருப்பு ரெண்டு கிலோ வை. ஒரு கிலோ எனக்கு, கடைசியாக வந்தது போன மாதமே தீர்ந்துவிட்டது. எந்தத் தேதியில் இறங்குகிறாய் என்று மட்டும் சொல்.