சிக்னல் போனால் ஜிபிஎஸ் போகாது

சிக்னல் போனதும் மேப் வெறும் சாம்பல் கட்டமாகிவிட்டது, காட்டுக்குள் திசையே பிடிபடவில்லை என்று எழுதியிருந்தீர்கள். ஜிபிஎஸ்ஸுக்கு மொபைல் சிக்னல் வேண்டாங்க, அது செயற்கைக்கோளிலிருந்து நேராக வருவது. உங்களுக்கு இல்லாமல் போனது மேப் படம்தான், அதனால் கிளம்பும் முன்பே அந்தப் பகுதியை ஆஃப்லைனில் இறக்கி, ஏர்பிளேன் மோடில் போட்டுத் திறக்கிறதா என்று பாருங்கள். நடக்கும்போதும் அதே மோடில் வையுங்கள், இல்லாவிட்டால் சிக்னலைத் தேடித் தேடியே பேட்டரி கரைந்துவிடும். காகித வரைபடமும் திசைகாட்டியும் கட்டாயம். திசைகாட்டியைப் போனுக்குப் பக்கத்தில் பிடித்தால் முள் விலகும், தள்ளிப் பிடியுங்கள். அப்புறம், வழி தவறியது தெரிந்தால் உடனே நில்லுங்கள். ஓடையோடு இறங்கினால் ஊர் வந்துவிடும் என்பார்கள், தயவுசெய்து நம்பாதீர்கள், அது அருவி விளிம்பில் கொண்டுபோய் விடலாம். விசிலை மூன்று முறை ஊதி, கொஞ்சம் விட்டு மறுபடி மூன்று முறை ஊதுங்கள். போகும் வழியையும் திரும்பும் நேரத்தையும் வீட்டில் எழுதிக் கொடுத்துவிட்டுக் கிளம்புங்கள்.